ஆய்விதழின் ஆசிரியர் மாறினால் அதில் எழுதுபவர்களும் மாறுவார்களா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வயது வந்தோர் கல்வி பற்றிய அமெரிக்க, ஐரோப்பிய ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களில் இப்போது கறுப்பினப் பெண்களின் பெயர்களும் ஆசியப் பெயர்களும் தென்படுகின்றன, இதனால் உள்ளே வரும் கட்டுரைகள் மாறுமா, இல்லை பெயர்ப்பட்டியல் மட்டும்தான் மாறுமா? கூடவே, தூய்மைப் பணியாளர்களுக்கு நடக்கும் மாலை நேர எழுத்தறிவு வகுப்புகள் பற்றிய உங்கள் ஆய்வை அப்படிப்பட்ட இதழுக்கு அனுப்புவதில் பயன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான். ஒரு கட்டுரை அச்சேறுவதையும் திரும்பி வருவதையும் உண்மையில் யார் முடிவு செய்கிறார்கள்? அதை விளக்கினால் மற்றவற்றுக்கும் பதில் வந்துவிடும்.

நான் வயது வந்தோர் கல்வித் துறையில் பாடம் நடத்தியவன். இந்தத் துறையின் இதழ்களுக்கு நெடுநாளாகக் கட்டுரை மதிப்பீடு செய்கிறேன். ஒரு இதழின் ஆசிரியர் குழுவிலும் இருந்திருக்கிறேன். தலைமை ஆசிரியராக இருந்ததில்லை. அதனால் அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்வதில் பாதி பக்கத்திலிருந்து பார்த்தது, மீதி படித்தது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாறும். ஆனால் புதிதாக வருபவர் கையில் மதிப்பீட்டாளர்களைத் தேர்வு செய்யும் வேலையும், முதல் சல்லடையில் எதை நிறுத்துவது என்ற முடிவும் உண்மையாகவே இருக்க வேண்டும். பணம் கொடுப்பவர் அவர் கையைப் பிடிக்காமலும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மாற்றம் அரைகுறையாகத்தான் நிற்கும்.

இந்தத் துறைக்கு இது புதிய கேள்வியே இல்லை. 1930களிலேயே அமெரிக்காவில் இது வெளிப்படையாக எழுந்தது. அலெய்ன் லாக் என்பவர் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தரப்படும் ரோட்ஸ் உதவித்தொகையைப் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். அமெரிக்காவில் வயது வந்தோர் கல்விக்கான தேசியச் சங்கம் 1926இல் கார்னெகி அறக்கட்டளையின் ஆதரவில் தொடங்கியிருந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலும் அட்லாண்டாவிலும் கறுப்பின மக்களுக்காக நூலகங்களை மையமாக வைத்து வகுப்புகள் நடத்திப் பார்த்தார்கள். கார்னெகி, ரோசன்வால்ட் ஆகிய இரண்டு நிதிகளிலிருந்தும் பணம் வந்தது. அந்த முயற்சிகளை மதிப்பிட்டவர்களில் லாக் முக்கியமானவர். வகுப்புக்கு வருபவர்கள் கையில் கொடுக்க அவர்களைப் பற்றியே, அவர்களில் ஒருவரே எழுதிய நூல்கள் கிடையாது என்பது அவருக்குத் தெரிந்தது. 1935வாக்கில் அதற்காகவே ஒரு சிறு அமைப்பு உருவானது. அதன் வெளியீடுகளுக்கு லாக் ஆசிரியரானார்.

வெண்கலக் குறுநூல்கள் (Bronze Booklets) என்று பெயர் பெற்ற அந்தக் குறுநூல்கள் 1936 முதல் 1942 வரை வந்தன. விலை 25 சென்ட். இயல்களின் முடிவில் கூடிப் பேசுவதற்கான கேள்விகளும், மேற்கொண்டு படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலும் இருக்கும். ஆராய்ச்சியாளர் எழுதுவது, வேலை முடித்து மாலையில் வந்து உட்காரும் ஒருவர் படிப்பது, இந்த இரண்டையும் ஒரே நூலில் சேர்த்துப் பார்த்தார் லாக். எழுதியவர்களைப் பாருங்கள்: பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ரால்ஃப் பன்ச், கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன், பிற்காலத்தில் டிரினிடாட் பிரதமரான எரிக் வில்லியம்ஸ். இவர்கள் எல்லோரும் இளைஞர்களாக இருந்தபோதே தேடிப் பிடித்து எழுத வைத்தது ஆசிரியரின் வேலை. லாக் அந்த இடத்தில் இல்லாவிட்டால் இந்த நூல்வரிசை வந்திருக்காது என்று தயங்காமல் சொல்வேன்.

அதே வரிசைக்குப் புகழ்பெற்ற கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸிடமும் ஒரு நூல் கேட்டிருந்தார்கள். சமூக மறுசீரமைப்பில் கறுப்பின மக்களின் இடம் பற்றியது அது. அவரும் எழுதிக் கொடுத்தார். நிறவெறி உடனே போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம், நமக்குள் கூட்டுறவுப் பொருளாதாரம் ஒன்றைக் கட்டுவோம் என்பது அதன் சாரம். சோசலிசத்தின் பக்கம் வெளிப்படையாகச் சாய்ந்த ஒரு கொள்கை அறிக்கையையும் அதில் சேர்த்திருந்தார். 1936இல் அவர் வெளிநாட்டுப் பயணம் போய்த் திரும்பியபோது கைப்பிரதி திரும்பி வந்தது. கேட்டு வாங்கியது அவர்கள், எழுதியதற்குப் பணமும் கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் அச்சிடவில்லை. அந்த இடத்தில் டி. ஆர்னால்ட் ஹில் எழுதிய பொருளாதார நூல் 1937இல் வந்தது. யார் தடுத்தார்கள் என்பது தனக்குத் தெரியாது என்று டு பாய்ஸே 1940இல் தன்வரலாற்றில் எழுதினார். அந்த அறிக்கையையும் அதே நூலில் அச்சிட்டுவிட்டார்.

இதில் உறுதியானது எது, ஊகம் எது என்று பிரித்துவிடலாம். நூல் கேட்கப்பட்டது, எழுதப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, வேறொன்று அந்த இடத்துக்கு வந்தது: இவ்வளவும் உறுதி. பணம் கொடுத்த அறக்கட்டளைகள் கண்ணைக் காட்டினவா, அவர்கள் கோபிப்பார்களோ என்று ஆசிரியரே முன்கூட்டிப் பயந்தாரா, இல்லை அந்த வாதமே லாக்குக்குப் பிடிக்கவில்லையா: இவை விவாதத்துக்குரியவை. பன்ச் எழுதிய குறுநூலும் வர்க்கப் போராட்டத்தைப் பற்றித் துணிந்து பேசியதுதான், அது வெளிவந்தது. ஆகவே பணக்காரர்கள் தடுத்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நான் எடுத்துக்கொள்வது வேறு. எழுதியவர், தொகுத்தவர், படிக்கப்போகிறவர் எல்லோரும் கறுப்பினத்தவர். அப்படியும் முடிவு எடுக்கப்பட்ட இடம் எழுதியவர் கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது. ஒரு இதழின் பன்மையை எடைபோடும்போது நான் முதலில் தேடுவது அந்த இடத்தைத்தான்.

போருக்குப் பிறகு இந்தத் துறை பல்கலைக்கழகங்களுக்குள் வந்து, கல்வித்துறை இதழ்கள் தலையெடுத்தன. இன்று அடல்ட் எஜுகேஷன் குவார்ட்டர்லி என்று நாம் அறியும் இதழ் 1950இல் தொடங்கியது. இப்போது அதை அமெரிக்கச் சங்கம் ஒன்றின் சார்பில் சேஜ் பதிப்பகம் வெளியிடுகிறது. பெண்கள் ஆய்வாளர்களாகவும் இதழாசிரியர்களாகவும் நிறைய வந்த பிறகு, 1994இல் எலிசபெத் ஹேய்ஸும் லெட்டி ஸ்மித்தும் இந்தத் துறையின் முக்கிய இதழ்களில் பெண்கள் எப்படிப் பேசப்படுகிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார்கள். பெண்களைப் பற்றிய கட்டுரைகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் படிக்க வரும் பெண்ணை ஏதோ குறை உள்ளவளாகப் பார்ப்பதும் அந்தப் பார்வைகளில் ஒன்றாக இருந்தது. எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நிற்காமல் என்ன கண்ணோடு பார்க்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கட்டுரைதான்.

கறுப்பின ஆய்வாளர்கள் இன்னொரு வழியும் கண்டார்கள். சிப்பியோ காலினும் டால்மட்ஜ் கையும் 1998இல் ஆப்பிரிக்க மையப் பார்வையில் பாடத்திட்டத்தை எப்படி வகுப்பது என்று எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அது வந்தது பெரிய தேசிய இதழில் இல்லை. பென்சில்வேனியா மாநிலச் சங்கத்தின் இதழில். 2010இல் வனெசா ஷியர்ட், வானிடா ஜான்சன்-பெய்லி, காலின், எலிசபெத் பீட்டர்சன், ஸ்டீபன் புரூக்ஃபீல்ட் ஆகியோர் சேர்ந்து இனமும் வயது வந்தோர் கல்வியும் பற்றித் தனி கையேடு ஒன்றைத் தொகுத்தார்கள். ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பொதுக் கையேட்டின் 2020 பதிப்பில் கறுப்பின ஆய்வாளர் லிசா மெரிவெதர் தொகுப்பாசிரியர்களில் ஒருவர். சமூக நீதிக்கென்றே வடக்குக் கரோலினா பல்கலைக்கழகத்தின் ஷார்லட் வளாகத்திலிருந்து டயலாக்ஸ் இன் சோஷியல் ஜஸ்டிஸ் என்ற இதழும் வருகிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஓரத்தில் இடம் உண்டாக்கிக்கொண்டு பிறகு நடுவுக்கு வருவது என்று இந்தப் பாதையைச் சொல்லலாம். அதில் ஒரு சிக்கலும் உண்டு. இனம் பற்றிய கட்டுரையா, சிறப்பிதழ் வரும்போது அனுப்புங்கள் என்று சொல்லும் பழக்கம் இதழ்களுக்கு வந்துவிடும். சிறப்பிதழில் பத்துக் கட்டுரை, அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றும் இல்லை என்றால், அந்த இதழ் மாறவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சரி, கட்டுரை உள்ளே போன பிறகு நடப்பதைச் சொல்கிறேன். எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியாது, மதிப்பீட்டாளர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. ஆனால் ஆசிரியருக்கு இரண்டும் தெரியும். முதலில் அவர் படிப்பார். கணிசமான கட்டுரைகள் மதிப்பீட்டுக்கே போகாமல் அங்கேயே திரும்பிவிடும். டெஸ்க் ரிஜெக்ட் என்று ஸ்காலர்கள் புலம்புவது இதைத்தான். இந்த இதழின் எல்லைக்குள் வராது என்ற ஒரு வரிதான் பெரும்பாலும் காரணமாக வரும். எல்லை எது என்பது ஆசிரியரின் மனதில் இருக்கும் கோடு. தாண்டிய கட்டுரைக்கு இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்களைத் தேட வேண்டும். மென்பொருள் ஒரு பட்டியலைக் காட்டும். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதே இதழில் ஏற்கெனவே எழுதியவர்கள். பத்துப் பேருக்கு மின்னஞ்சல் போட்டால் இரண்டு பேர் சம்மதிப்பார்கள். களைத்துப்போன ஆசிரியர் பட்டியலில் முதலில் இருப்பவர்களையே கேட்பார். நேற்று எழுதியவர்களே இன்று எழுதுபவர்களைத் தீர்மானிப்பார்கள். புதிய ஆட்களைத் தேடி, அவர்களுக்கு எப்படி மதிப்பிடுவது என்று சொல்லிக்கொடுத்து, பட்டியலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும் ஆசிரியரால்தான் இதழ் மாறுகிறது. இது வெளியில் தெரியாத வேலை.

ஒன்றைக் கிட்டத்திலிருந்து பார்த்தேன். மேற்கு ஆப்பிரிக்கச் சந்தையில் மீன் விற்கும் பெண்கள் கணக்குப் போடக் கற்றுக்கொள்ளும் விதம் பற்றிய கட்டுரை ஒன்று என்னிடம் வந்தது. திருத்தினால் வெளியிடலாம் என்று எழுதினேன். இன்னொரு மதிப்பீட்டாளர், இந்த ஒரு நகரத்தின் கதை உலக வாசகருக்கு எதற்கு என்று கேட்டு நிராகரித்திருந்தார். பேட்டி எடுக்கப்பட்ட பெண்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது தெளிவாக இல்லை என்றும் சொல்லியிருந்தார். ஆசிரியர் எழுத்தாளருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் எங்களுக்கும் வந்தது. முதல் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, அமெரிக்க நகரம் பற்றிய கட்டுரைகளிடம் இந்த இதழ் அதைக் கேட்பதில்லை; இரண்டாவது கேள்வி நியாயமானது, அதற்கு இரண்டு பத்தி எழுதுங்கள் என்று இருந்தது. நான்கே வரிதான். தகுதியைக் கொஞ்சமும் தளர்த்தாமல் வேலியை மட்டும் எடுத்துவிட்டார். தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். ஆனால் இதை ஒரு ஆசிரியரிடம் கண்டதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டாம்.

அந்த முதல் கேள்வி ஒரு தனி மனிதரின் கோணல் இல்லை. சமூக அறிவியல் கட்டுரைகள் 5 லட்சத்துக்கு மேல் எடுத்துப் பார்த்து 2022இல் ஒரு ஆய்வு வந்தது. ஏழை நாடுகளைப் பற்றிய கட்டுரைகளின் தலைப்பில் நாட்டின் பெயர் அதிகமாக இருக்கும். பணக்கார நாடுகளைப் பற்றியவற்றில் அது குறைவாகவே இருக்கும் என்று அந்த ஆய்வு காட்டியது. அவர்களுடையது பொது உண்மை, நம்முடையது உள்ளூர்ச் செய்தி என்ற கணக்கு தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. நம் துறைக்குள்ளேயே ஆண்ட்ரியாஸ் ஃபெயஸ், எரிக் நிலாண்டர் என்ற ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் மூன்று முன்னணி இதழ்களின் 2005 முதல் 2012 வரையிலான மேற்கோள்களை ஆராய்ந்தார்கள். அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா என்ற நான்கு ஆங்கில நாடுகளுக்குள் அடங்கிவிடுகிறார்கள். சர்வதேச இதழ் என்று அட்டையில் இருந்தாலும் நிலவரம் அதுதான். நிறத்திலும் பாலினத்திலும் பன்மை கூடிய ஆசிரியர் குழு ஒன்று, எல்லோரும் அந்த நான்கு நாட்டுப் பல்கலைக்கழகங்களிலேயே படித்து வேலை பார்ப்பவர்களாக இருந்தால், இந்த வட்டத்தை உடைக்குமா? இதில் எனக்குச் சந்தேகம் உண்டு. உடைக்காது என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். வெளியே நிறுத்தப்பட்ட அனுபவம் உள்ளவர் வெளியே நிற்பவரை அடையாளம் காண்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்விதழ் ஆசிரியர் பணி பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலை, இருந்தாலும் சிறு தொகைதான். ஆசிரியராக இருப்பவருக்கு அவருடைய பல்கலைக்கழகம் வகுப்பைக் குறைத்துக் கொடுக்க வேண்டும், உதவிக்கு ஒரு ஆய்வு மாணவரைத் தர வேண்டும். இதைக் கொடுக்க வசதியுள்ள பல்கலைக்கழகங்களிலிருந்தே ஆசிரியர்கள் வருகிறார்கள். கறுப்பினத்தவருக்கான பழைய கல்லூரிகளிலோ நம்மூர்ப் பல்கலைக்கழகங்களிலோ வகுப்புச் சுமையே முதுகை ஒடிக்கும்போது யார் விண்ணப்பிப்பார்? பன்மை வேண்டும் என்று அறிக்கை விடும் சங்கம் இதற்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அந்த அறிக்கையைவிட அந்த ஒதுக்கீடுதான் முக்கியம்.

இதே கேள்வியை நம் பக்கமும் திருப்ப வேண்டும். இந்திய வயது வந்தோர் கல்விச் சங்கம் 1939இலிருந்தே ஆங்கிலத்தில் ஒரு இதழ் நடத்துகிறது. இந்தியில் பிரௌட் சிக்ஷா என்ற இதழும் அதனுடையது. தமிழில் 1990களின் அறிவொளி இயக்கம் எவ்வளவு எழுதிக் குவித்தது! புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட காலத்தின் பாடநூல்கள், வீதி நாடகப் பிரதிகள், தொண்டர்களின் குறிப்பேடுகள், பாட்டுகள் எல்லாம் தமிழில் இருக்கின்றன. அதைப் பற்றி எழுதப்பட்டு என்னிடம் வந்த ஆங்கிலக் கட்டுரைகளில் இவை சான்றுப் பட்டியலில் அபூர்வமாகத்தான் இருந்தன. தமிழில் இருப்பதைச் சான்றாகக் காட்டக் கூடாது என்று எந்த இதழும் என்னிடம் சொன்னதில்லை. எழுதுபவர்களே பயந்து விட்டுவிடுகிறார்கள். சாதியும் அப்படித்தான். நம் நாட்டு இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவைப் பார்த்து, அருந்ததியர் ஒருவர் இதில் இருக்கிறாரா, கடைசியாக எப்போது இருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்க இதழிடம் நிறத்தைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை இருப்பதுபோல் இதுவும் கேட்க வேண்டிய கேள்வி.

இனி உங்கள் கட்டுரை. அனுப்புங்கள். எந்த இதழுக்கு என்று தீர்மானிக்கும்போது ஆசிரியர் குழுப் பட்டியலை அளவுகோலாக வைக்காதீர்கள். கடைசி மூன்று ஆண்டு இதழ்களைத் திறந்து, சிறப்பிதழ்களை ஒதுக்கிவிட்டு, வழக்கமான இதழ்களில் யார் எழுதியிருக்கிறார்கள், அவர்கள் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கட்டுரையை வெளியிட எழுதுபவரிடம் கட்டணம் வாங்குகிறார்களா என்றும் பாருங்கள். ஐரோப்பிய ஆய்வாளர்களின் சங்கம் 2010 முதல் நடத்தும் ரேலா (RELA) என்ற இதழ் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ், அதையும் பட்டியலில் வையுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் ஏற்கிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களைத் திரும்பியும் பார்க்காதீர்கள்.

கட்டுரையில் சாதியைப் பின்னணித் தகவலாக ஒரு வரியில் போட்டுவிட்டு நகர வேண்டாம். மாலை ஆறு மணிக்கு அந்தப் பெண்கள் வகுப்புக்கு வருவதும் வராமல் போவதும் எந்த வேலை யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதோடு பிணைந்தது. உங்கள் வாதமே அதில்தான் இருக்கிறது. தமிழ்ச் சான்றுகளை மூலத் தலைப்போடு கொடுத்து, பக்கத்தில் ஆங்கிலப் பொருளையும் எழுதுங்கள். உடன் அனுப்பும் கடிதத்தில் மதிப்பீட்டாளர்களைப் பரிந்துரைக்க இடம் இருந்தால், தென்னாசியாவில் களப்பணி செய்த மூன்று பேரின் பெயரைக் கொடுங்கள். உங்கள் நெறியாளரோ உடன் எழுதியவரோ அதில் இருக்கக் கூடாது. இந்த ஊர் ஏன் என்ற கேள்வி எப்படியும் வரும். அதற்கு இந்தியாவை விளக்கி நான்கு பக்கம் எழுதாதீர்கள். நகரத்தைச் சுத்தம் செய்பவர்களுக்கு அந்த நகரமே படிக்க நேரம் கொடுக்காமல் இருப்பது பற்றி உங்கள் தரவு என்ன காட்டுகிறது என்பதை ஒரே பத்தியில் எழுதி அனுப்புங்கள். முதல் வரைவு தயாரானதும் இங்கே சுருக்கத்தைப் போட்டால் படித்துவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.